விளக்கேற்றப் போனவள்

“கண்ணாடி வசனம் என்னுது, ஒத்துக்கிறேன். நாய் வசனமும் என்னுது, அதயும்—”

“அத்த, கொஞ்சம் மெதுவா. நதியா உள்ள—”

“—ஒத்துக்கிறேன்! எம்பேச்ச எடுத்து மேடையில உட்ட, ஊரே கை தட்டுச்சு, சந்தோசம். ஆனா அந்த வெளக்கு வசனம் எவ பேச்சு? அதயும் எந்தலையில கட்டிட்டாங்களே—”

“யாரும் கட்டல அத்த, அது நாடகம்—”

“காலையில பால் ஊத்த வந்த குப்பம்மா கேக்கறா, ‘பெத்த பொண்ணயே இப்படிச் சொல்லுவியா பச்சையம்மா’ன்னு. நா இன்னா சொல்றது? சொல்லு டீச்சரம்மா, அவளுக்கு நா இன்னா சொல்றது?”

பச்சையம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கோபம் ஏற ஏற முறம் வேகமாக ஆடியது. உமியோடு அரிசியும் பறந்தது. கோழிகளுக்குக் கொண்டாட்டம்.

மருமகள் தமிழரசி கோழிகளை விரட்டினாள். அந்த வசனம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னால் இந்த வீடு இன்றைக்கே இரண்டாகும்.

நேற்று மாலை பள்ளி ஆண்டு விழா. காவலூரிலிருந்து நெல்லிவாசல் நாடு வரை, பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஷேர் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பதினோராம் வகுப்புப் பெண்களை வைத்துத் தமிழரசி போட்ட நாடகத்துக்கு விழுந்த கைத்தட்டலில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது.

நாடகம் பழைய ஆங்கில நாடகம். கல்லூரியில் படித்த நாளிலிருந்து அதன்மேல் அவளுக்கு ஒரு மயக்கம். அதில் யாரும் யார்மேலும் கை ஓங்குவதில்லை. சீமாட்டிகள் விசிறியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல், ஒருத்தியை ஒருத்தி வாயாலேயே உரித்து உப்புத் தடவுவார்கள்.

அதை அப்படியே தமிழில் எழுதிப் பார்த்தாள். ‘சீமாட்டியே, தங்கள் அழகைக் காலம் கவர்ந்து செல்லவில்லை, கவர்வதற்கு உரியதொன்றையும் அது அங்கே கண்டிலது போலும்.’ பிள்ளைகள் செய்யுள் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார்கள். ஒத்திகை பார்க்க வந்த கணக்கு டீச்சர் கொட்டாவி விட்டாள்.

அப்போதுதான் வீட்டிலேயே ஒரு சீமாட்டி இருப்பது தமிழரசிக்கு உறைத்தது.

மாமியார் பச்சையம்மாவின் வாய் மலை முழுக்கப் பிரசித்தம். குரல் உயராது. முகம் மாறாது. பக்கத்து வீட்டுக் குப்பம்மாளிடம் ஒருநாள், “உனக்கு வயசே ஆவலடி. உன்ன தெனம் பாக்குதே அந்தக் கண்ணாடிக்குத்தான் வயசாவுது” என்றாள். தமிழரசி வைத்த குழம்பைப் பற்றி, “நாய்க்கு ஊத்தினேன். மோந்து பாத்துட்டு என்னைப் பரிதாபமா பாக்குது, நீயும் இதத்தான் துன்றியான்னு” என்றாள். இரண்டும் மேடையேறின. கண்ணாடி வசனத்துக்குக் குப்பம்மாளே கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தமிழரசி நிறுத்தவில்லை.

கல்யாணமாகிப் போய்த் திரும்பி வந்துவிட்ட ஒருத்தியைப் பற்றி இரண்டு சீமாட்டிகள் பேசும் இடம் ஒன்று. எத்தனை விதமாக எழுதியும் சிரிப்பு வரவில்லை. சீமாட்டியாக நடித்த செல்லி, “டீச்சர், இந்த எடத்துல சப்புனு போவுது” என்றாள். அந்த நிமிஷத்தில் தமிழரசியின் வாயில் ஒரு வசனம் தானாக வந்தது. எங்கேயோ கேட்ட வசனம் இல்லை, இந்த வீட்டுக்குள் கேட்ட வசனம்.

‘புருஷன் வூட்டுக்கு வெளக்கேத்தத்தான் போனா. ஏத்துன வெளிச்சத்துல இவ மூஞ்சப் பாத்தான். அவனே ஊதி அணைச்சுட்டான்.’

யாரைச் சொன்னதோ அவள் காதில் அது விழுந்ததே இல்லை. விழாத பேச்சு யாரையும் குத்தாது என்று தமிழரசி நினைத்துக்கொண்டாள். படித்தவளுக்கு வரக்கூடாத நினைப்பு. ஏனென்றால் அந்தப் பேச்சுக்கு ஆளானவள், தமிழரசியின் கணவன் அசோக்குமாரின் தங்கை நதியா, நேற்று இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சீமாட்டிகள் உடுத்தியிருந்த கொசுவம் வைத்த பாவாடைகள் எல்லாம் அவள் தைத்துக் கொடுத்தவை. பழைய திரைச்சீலைகளை வெட்டி, திரும்பாத மணிக்கட்டை வைத்துக்கொண்டு தைத்தவை.

அந்த மணிக்கட்டை ஒடித்தவன் இன்றைக்கு வருகிறான்.

நதியாவின் கணவன் பூபாலன். போளூரில் வீடு. கதவை அறைந்து சாத்தினான், நடுவில் கை இருந்தது. ‘இருந்தது தெரியாது’ என்றான். போன ஆடியில் அசோக்குமார் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையை அழைத்து வந்தான். அதற்குப் பிறகு சமாதானம் பேச அவர்கள் ஆள் அனுப்பும்போதெல்லாம் நதியா ஒரே சொல்லாகச் சொல்லி அனுப்பினாள்: “எனக்கு எங்க அண்ணன் கீறான்.” இன்று பூபாலனும் அவனுடைய பெரியம்மாவும் தட்டோடு நேரில் வருகிறார்கள். வந்தால் காபி கொடுத்துத் திருப்பி அனுப்புவது என்றுதான் நேற்றுக் காலை வரை பேச்சு.

தமிழரசி உள்ளே போனாள்.

நதியா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றிருந்தாள். கட்டிலில் பெட்டி திறந்திருந்தது. புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள், இடது கையால்.

“எங்க நதியா?”

“வர்றாங்க இல்ல. போறேன்.”

“இன்னா பேச்சு இது? அந்த ஆளுகிட்டயா நீ திரும்பி—”

“கைய ஒடச்சவன் யாருன்னு அங்க எனக்குத் தெரியும் அண்ணி. ஒதுங்கி நின்னுக்குவேன். இங்க யார்கிட்ட ஒதுங்கறது?”

தமிழரசி கதவைச் சாத்தினாள். நதியா மடிப்பதை நிறுத்தவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த வசனம் யாரு சொன்னது? நா மனசுல ஒருத்தர நெனச்சுக்கினு இருக்கேன். அவங்க இல்லன்னு மட்டும் சொல்லுங்க. பொட்டியப் பிரிச்சுடறேன். நீங்க பேரக்கூட சொல்ல வாணாம்.”

எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாள். ‘அவர் இல்லை’ என்று ஒரு வார்த்தை. பொய் சொல்வதென்றால்கூட, அவள் யாரை நினைத்திருக்கிறாள் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? தமிழரசி வேறு வழியாகப் போனாள். அதுதான் தப்பாயிற்று.

“பைத்தியமா உனக்கு? அது யாரும் சொன்னது இல்ல. இங்கிலீஷ் நாடகத்துலயே அப்படித்தான் கீது. நா தமிழ்ல மாத்தினேன், அவ்ளோதான்.”

“நெசமா?”

“நெசமா. அந்தக் காலத்து நாடகம் முழுக்க இந்த மாதிரி குத்தல் பேச்சுதான். நா எழுதுனது இல்ல, அவங்க எழுதுனது.”

நதியா புடவையைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் ஆசைகூட இருந்தது, நம்பிவிட வேண்டும் என்று. அப்புறம் அது போய்விட்டது.

“ஏன் அண்ணி, வெள்ளக்காரங்க வூட்ல புதுப்பொண்ணு போனா வெளக்கேத்துவாங்களா?”

தமிழரசி நாடகத்தை மனதுக்குள் புரட்டினாள்.

அந்த நாடகத்தின் சீமாட்டிகள் என்னென்னவோ செய்கிறார்கள். கையுறை போடுகிறார்கள், விசிறுகிறார்கள், நாய்க்குட்டிக்கு முத்தம் கொடுக்கிறார்கள். எந்த வீட்டு வாசலிலும் எந்த மருமகளும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய்க் குத்துவிளக்கு ஏற்றுவதில்லை. அது இங்கே. இந்த வீட்டிலிருந்து போன நதியா போளூரில் ஏற்றினாள். ஏற்றும்போது எடுத்த போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது.

“வாணாம் அண்ணி,” என்றாள் நதியா. “பதில் வந்துடுச்சு.”

அசோக்குமார் வெளியே ஜீப் கழுவிக்கொண்டிருந்தான். தமிழரசி போய்க் குழாயை மூடினாள்.

“உள்ள பொட்டி கட்றா.”

“கேட்டுச்சு.”

“கேட்டுச்சுன்னா போய் சொல்லுங்க. நாந்தான் சொன்னேன், தெரியாத்தனமா சொல்லிட்டேன், மன்னிச்சுடு நதியான்னு கால்ல உழுந்தாவது சொல்லுங்க.”

அவன் ஈரத்துணியைப் பிழிந்தான். பிழிய ஒன்றும் இல்லாத பிறகும் பிழிந்தான்.

“நா எங்க சொன்னேன்? ஒரு நாளு சாப்ட்டு கை கழுவுறப்போ சொன்னேன். அவ தையல் மெஷின் சத்தம் மண்டையப் பொளக்குது, எரிச்சல், சொல்லிட்டேன். சொன்னது உங்கிட்ட.”

“தங்கச்சியப் பத்தி.”

“பொண்டாட்டிகிட்ட. நா வாயில சொன்னேன் தமிழு. நீ மைக்ல சொன்ன.”

அடி சரியான இடத்தில் விழுந்தது. அன்றைக்கு அவன் அதைச் சொன்னபோது ‘ச்சீ, இன்னா பேச்சு’ என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் ச்சீ என்பதற்கு முன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு நினைவில் இருந்ததால்தான், மேடையில் சிரிப்பு வராத இடத்துக்கு அது கைகொடுத்தது.

“சரி, ரெண்டு பேரும் சேந்து போலாம். சேந்தே சொல்லலாம்.”

“சொல்லிட்டு? அவளக் கூட்டினு வரும்போது இன்னா சொன்னேன் தெரியுமா? கீழ போளூர்லேந்து மேல வர்ற வரைக்கும் அழுதுகினே வந்தா. ‘உனக்கு ஒரு வார்த்த சொல்றவன் வாயக் கிழிச்சுடுவேன்’னேன். அந்த வாயாலயா இதச் சொல்றது?”

“அப்போ?”

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அம்மா சொன்னாங்கன்னு சொல்லிடு. அம்மா சொல்லாத சொல்லா? ஊரே அப்படித்தான நெனச்சுக்கினு கீது. நதியா ரெண்டு நாளு மூஞ்சத் தூக்குவா, அப்பறம் சரியாயிடும்.”

“பெத்தவங்க தலையில போடறீங்களா?”

“வேற யாரு தாங்குவா?”

அந்தப் பக்கம் முறம் ஆடும் சத்தம் நின்றுபோய் நேரமாகியிருந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

கார் வந்து நின்றது.

பூபாலன் வெள்ளைச் சட்டையில் இறங்கினான். பின்னால் அவனுடைய பெரியம்மா செல்லியம்மாள், தட்டில் பழமும் பூவும் புடவையுமாக. கூடத்தில் பாய் விரித்தார்கள். தமிழரசி காபி கொண்டுவந்து வைத்தாள். அசோக்குமார் வாசற்படி அருகிலேயே நின்றுகொண்டான்.

“வாங்க சம்மந்தி,” என்றாள் பச்சையம்மா. அவள் அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்து தமிழரசி பார்த்ததில்லை.

“நடந்தத மறந்துடலாம் அத்த,” என்றான் பூபாலன், தரையைப் பார்த்து. “எல்லார் வூட்லயும் நடக்கறதுதான்.”

“கதவு நடுவுல கைய நசுக்கறது எல்லார் வூட்லயும் நடக்குதா?” என்றாள் தமிழரசி.

செல்லியம்மாள் சிரித்தாள். நாடகத்துச் சீமாட்டி விசிறியை மடித்து வைத்துவிட்டுச் சிரிக்கும் அதே சிரிப்பு. மேடையில் நடித்த மாணவி செல்லிக்கு அதைக் கற்றுக்கொடுக்கத் தமிழரசி எவ்வளவு பாடுபட்டாள்! இவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

“டீச்சர் நல்லா பேசுறாங்க. நாடகங்கூட நல்லா இருந்துச்சாமே? யாரோ போன்ல எடுத்துப் போட்டிருந்தாங்க, நாங்க கீழயே பாத்துட்டோம். எங்க தெருவுல எல்லாரும் பாத்தாங்க.” காபியை ஒரு வாய் உறிஞ்சினாள். “அந்த வெளக்கு வசனத்துக்குத்தான் ரொம்ப சிரிச்சாங்க. நா சொன்னேன், பாவம், சிரிக்காதீங்க, பொறந்த வூட்லயே இப்படிச் சொல்றாங்கன்னா அந்தப் பொண்ணுக்கு வேற போக்கு ஏதுன்னு. அதான் நாங்களே வந்தோம். இங்க சிரிக்கறாங்க, அங்க வந்து வெளக்கேத்து கண்ணு. நாங்க அணைக்க மாட்டோம்.”

பூபாலன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சிரிப்பை அடக்கத்தான்.

உள்ளேயிருந்து நதியா பெட்டியோடு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. “போலாம் பெரியம்மா.”

“நில்லுடி,” என்றாள் பச்சையம்மா.

எழுந்து நின்றாள். முழங்கால் வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. குரல் மட்டும் வழக்கம்போல ஏறாமல் இறங்காமல் வந்தது.

“அந்த வசனம் என்னுது. நாந்தான் சொன்னேன்.”

தமிழரசி அதிர்ந்து போய்க் கணவனைப் பார்த்தாள். அவன் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எம்பொண்ணு, நா பெத்தேன், நா சொன்னேன். சொல்ற பாத்தியத எனக்குண்டு. உங்களுக்கு?” பூபாலன் பக்கம் திரும்பினாள். “இன்னா மாப்ள, சிரிப்ப ஏன் கடிக்கிறீங்க, பல்லு வலிக்கப் போவுது. எம்பொண்ணு மூஞ்ச வெளிச்சத்துல பாத்து அணைச்சீங்களா? நாங்க உங்கள இருட்டுல பாத்துதான் பொண்ணே குடுத்தோம். வெளிச்சத்துல பாத்திருந்தா உங்க வாசல்ல எங்க மாட்டக்கூட கட்டியிருக்க மாட்டோம்.”

“அத்த! வயசுக்கு மரியாத குடுத்து—”

“குடுங்க, வாணாங்கல. நீங்க அடிக்கடி குடுத்துப் பழகாத சாமான், கை நடுங்கும், பாத்துக் குடுங்க.”

பூபாலன் எழுந்துவிட்டான். செல்லியம்மாள் தட்டைத் தூக்கினாள். ஒரு பழம் உருண்டு ஓடியது, யாரும் எடுக்கவில்லை. இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இந்த வாய்க்குத்தான் உங்க பொண்ணு வாழாம கீறா. பொண்ணே! வர்றதுன்னா வா. கார்ல உக்காந்துனு இருக்கோம். இதான் கடசி, இனிமே இந்த மலையேற மாட்டோம்.”

அவர்கள் போய்க் காரில் ஏறினார்கள். வண்டி உறுமியது, கிளம்பவில்லை. பின்கதவு ஒன்று திறந்தே இருந்தது.

நதியா பெட்டியோடு வாசலில் இறங்கி நடுமுற்றத்தில் நின்றாள். காருக்கும் வீட்டுக்கும் நடுவில்.

“போவாத நதியா,” என்றாள் தமிழரசி. “எம்மேல கோவம்னா எங்கூடப் பேசாத. நா வேணும்னா பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல வூடு பாத்துக்கினு போறேன். நீ அங்க மட்டும் போவாத.”

“அதான் நா சொல்லிட்டேனே!” என்றாள் பச்சையம்மா. “திட்டு என்ன. வா, வந்து நாலு வார்த்த திட்டிட்டு உள்ள போ.”

நதியா தாயைப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் முகத்தில் ஏதோ இளகியது. உதடு கோணிற்று, அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

“நீ சொல்லலம்மா. நீ சொல்றதா இருந்தா எம்மூஞ்சிக்கு நேராத்தான் சொல்லியிருப்ப. இத்தினி வருசத்துல என்ன நீ முதுகுக்குப் பின்னால ஒரு வார்த்த சொன்னதில்ல.”

பச்சையம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

பூபாலன் காரில் ஹாரன் அடித்தான்.

அசோக்குமார் மெதுவாகப் படியிறங்கி வந்தான். தங்கையின் கையிலிருந்த பெட்டியை வாங்கக் கை நீட்டினான். “உள்ள வா நதியா. அம்மாதான் ஒத்துக்கினாங்களே. வுட்டுத் தள்ளு. உனக்கு நா கீறேன் இல்ல?”

நதியா பெட்டியைக் கொடுக்கவில்லை. விடவும் இல்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் அண்ணன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள், அவன் கண்ணைத் தாழ்த்துகிறவரை.

“நேத்து நா மேடையப் பாக்கலண்ணா. நா தச்சத நா பாக்க இன்னா கீது. பக்கத்துல நீ சிரிக்கறதத்தான் பாத்துனு இருந்தேன், எவ்ளோ நாளாச்சு நீ அப்படி சிரிச்சு. கண்ணாடிக்கு தொடயத் தட்டி சிரிச்ச, நாய்க்கு சேரு ஆடற மாதிரி சிரிச்ச. கொட்டாயே சிரிச்சுதே, அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் நீ ஏண்ணா சிரிக்கல?”